மூன்று கழிகளும் ஒரு திங்கட்கிழமையும்

“1926 செப்டம்பர் 13, திங்கள். காலை 7.30. ஆலை வாசல். அங்கம்மா வண்டி. மூன்று கழி எடுத்தேன். வானம் மூட்டம்.”

இது என் சொந்தக் குறிப்பேட்டில் உள்ள வரி. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம், இந்த 1934 ஜூன் பதினொன்றாம் தேதி எனக்கு வந்த ஒரு கடிதம். சிறு தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் செயலாளர் எழுதியிருக்கிறார். சங்கத்தார் தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சிடப் போகிறார்களாம். கரும்பை மறுக்கும்போது ஆலைக்காரர்கள் சீட்டில் ‘இன்வெர்சியோன்’ என்று பிரெஞ்சில் எழுதுகிறார்கள்; அதற்குச் சரியான தமிழ்ச் சொல் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். ஆலைச் சோதனைக்கூடத்தில் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தவனிடம் கேட்பதற்கு அவருக்கு ஒரு சொல்தான் கிடைத்தது.

கடிதத்தோடு ஒரு தாளும் இருந்தது. எனக்கு முன்பே நான்கு பேரைக் கேட்டிருக்கிறார். பிரெஞ்சு வாத்தியார், கேள்வி கேட்கும்போது வினைச்சொல் ஆளுக்கு முன்னால் வந்து நிற்பது என்று எழுதியிருக்கிறார். வானிலை நிலையத்தில் எழுத்தராக இருப்பவர், குளிர்காலக் காலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் தங்குவது என்கிறார். உண்மைதான். இந்தத் தீவில் குளிர்காலமான ஜூலையில் எங்கள் ஆலைப் புகை மேலே போகாமல் கூரை மட்டத்திலேயே படுத்துக்கொள்ளும்; உலர்த்திய வேட்டியெல்லாம் கரியாகும். மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களில் கீழே இருப்பதைத் தூக்கி மேலே வைப்பது என்கிறார். அவர் புதுச்சேரித் தச்சர் வம்சம். வீட்டில் தமிழ் போய் மூன்று தலைமுறை ஆகிறது, அதனால் அதையும் பிரெஞ்சில்தான் எழுதியிருக்கிறார்.

நான்காமவர் பதிவு அலுவலகக் குமாஸ்தா. பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறிப் பதிவாவது என்கிறார். அதை அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். என் பெயர் சின்னையா. தகப்பனார் வீராசாமி. பதிவேட்டில் கடைசியில் நின்ற பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆலையில் கடைசி நாள்வரை நான் வீராசாமி. மேலதிகாரிகள் அத்தனை ஆண்டுகளும் அதட்டியது, சோதனைக்கூடத்தின் கதவைக்கூடப் பார்த்திராத என் அப்பாவை.

இந்த நான்கையும் கூட்டிச் செயலாளர் கேட்கிறார்: ‘தலைகீழாதல்’ என்று போட்டுவிடலாமா? போடலாம். மறுநாளே தோட்டக்காரர்கள் கரும்பு நுனியை வண்டியில் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டுக்கொண்டு சங்க வாசலில் நிற்பார்கள்.

கரும்பில் நடப்பதைச் சொல்கிறேன். கரும்புச் சாற்றிலுள்ள சர்க்கரை, தன் வழியே போகும் ஒருவகை ஒளியை வலப்பக்கம் திருப்பும். எவ்வளவு திருப்புகிறது என்று பொலாரிமீட்டர் என்னும் குழாய்க் கருவியில் பார்த்தால் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று தெரியும். வெட்டிய கரும்பு நாள்கணக்கில் கிடந்தால் அந்தச் சர்க்கரை உடைந்து இரண்டு வேறு சர்க்கரைகளாகும். நாக்குக்கு இரண்டும் இனிப்புத்தான். ஆனால் சட்டியில் மணியாகத் திரளாது, பாகாகவே நிற்கும். முழுக்க உடைந்துவிட்டால் ஒளி இடப்பக்கம் திரும்பும். ஒளி பக்கம் மாறுகிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர். பெயரைத் தெரிந்துகொள்வதால் எந்தத் தோட்டக்காரருக்கும் ஒரு வண்டிக் கரும்புகூடத் தப்பாது. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அதைச் சொல்ல அங்கம்மாவின் விஷயத்தைத்தான் எடுக்க வேண்டும்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 1888இல் சீசா கழுவச் சேர்ந்தேன். ஐந்து பருவம் சீசா, மூன்று பருவம் வடிகட்டி, அதன்பிறகுதான் கருவியில் கண் வைக்க விட்டார்கள். 1903இல் முசே பெர்னே தலைமை ரசாயனராக வந்தார். நான் வேலை கற்றது அவரிடம். அவரிடம் எரிச்சல்பட்டதற்கும் குறைவில்லை.

அவர் குரலை உயர்த்த மாட்டார். கருவியின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் மட்டுமே துடைப்பார். வேறொருவர் துணி பட்டால் அன்று முழுவதும் பேச மாட்டார். ஒவ்வொரு சாற்றையும் மூன்று முறை பார்த்து எண்ணைத் தாளில் குறித்துக் கவிழ்த்து வைப்பார். பிறகு நான் மூன்று முறை பார்க்க வேண்டும். “என்ன தெரிகிறது?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “எத்தனை?” என்றுதான் கேட்பார். இரண்டு எண்களும் ஒத்தால் தாளைத் திருப்புவார். ஒக்காவிட்டால் தாளைத் திருப்பாமலே கிழித்துப் போட்டுவிட்டு இருவரும் மறுபடி முதலிலிருந்து. முதலில் பார்த்தவர் எண் தெரிந்தால் அடுத்தவர் கண் அதையே பார்க்கும் என்பது அவர் கொள்கை.

முறையையும் எழுதிவைக்கிறேன், இப்போதைய பையன்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். மூன்று கழியைக் கை ஆலையில் பிழிந்து துணியில் வடிக்க வேண்டும். ஈய மருந்து சேர்த்தால் அழுக்கு திரிந்து கீழே இறங்கும். தாளில் வடிக்கும்போது முதலில் விழும் துளிகளைக் கொட்டிவிட வேண்டும். குழாயில் குமிழி இல்லாமல் நிரப்பி, முனைக் கண்ணாடியை மூடியால் திருக வேண்டும். இறுக்கித் திருகக் கூடாது. இறுக்கினால் கண்ணாடியே ஒளியைத் திருப்பிவிடும், பழி சாற்றின்மேல் விழும். பிறகு, உடைந்த சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க, நீல மருந்தைப் பீங்கான் கிண்ணத்தில் கொதிக்கவிட்டு அதில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மறைந்து அடியில் செங்கல் நிறத் தூள் படியும். சீக்கிரம் மறைந்தால் கரும்பு கெட்டது.

இவ்வளவு கவனமான மனிதருக்குச் சோதனைக்கூடத்தின் கதவுக்கு வெளியே எதுவுமே கிடையாது. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. எஸ்டேட்டின் சொந்தக் கரும்பு டிராம் வண்டியில் நேரே உள்ளே வரும். சிறு தோட்டக்காரர்களின் மாட்டு வண்டிகள் வெளிவாசலில் வரிசையில் நிற்கும். எஸ்டேட் கரும்பு தீர்ந்து இடம் இருந்தால்தான் எடைமேடைக்கு விடுவார்கள். எடைமேடையில் ஏறிய தேதிதான் சீட்டில் விழும். திங்கட்கிழமை வந்த வண்டி வியாழக்கிழமை ஏறினால் அது வியாழக்கிழமை வந்த கரும்பு. இடையில் வெயிலில் நின்ற மூன்று நாளும் எந்தத் தாளிலும் இருக்காது. கரும்பை நிற்கவைத்துக் கெடுத்தது ஆலை. கெட்ட கரும்பைக் கொண்டுவந்ததாகப் பெயர் தோட்டக்காரருக்கு. இதைப் பற்றி நான் ஐந்து முறை முசே பெர்னேயிடம் பேசியிருக்கிறேன். தேதிகள் என்னிடம் உண்டு. ஐந்து முறையும் ஒரே பதில்: “வீராசாமி, முற்றம் நம்முடையது இல்லை.”

அங்கம்மா லாங் மவுண்டன் பக்கம் இரண்டு ஆர்ப்பான், அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்கு வைத்திருந்தார். கணவர் இறந்தபின் ஒரு கூலியாளோடு தானே வெட்டித் தானே கட்டி, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி எங்கள் ஆலைக்கு வருவார். ஒரு பருவத்தில் மூன்று முறை மறுக்கப்பட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவது ஆலையின் விதி. பருவத்தின் நடுவில் வேறு ஆலைகள் புதுப் பெயர் எழுதுவதில்லை. அடித்தால் பாதி நிலத்தில் நிற்கும் கரும்பு நின்றபடியே காயும், குத்தகையும் போகும். 1926 பருவத்தில் செப்டம்பருக்குள் அவருக்கு இரண்டு மறுப்பு ஆகியிருந்தது.

செப்டம்பர் 13 காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது உருளையின் அச்சில் விரிசல் விழுந்து ஆலை நின்றது. தலைநகர் போர்ட் லூயியிலிருந்து புது அச்சு புதன்கிழமைதான் வந்தது. ஆலை ஓடத் தொடங்கியதும் எஸ்டேட் கரும்பு முதலில். சிறு தோட்டக்காரர்களின் வண்டிகள் வியாழக்கிழமை பகலில் ஏறின. திரும்பிப் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்று அதுவரை யாரும் நகரவில்லை. அங்கம்மா வண்டிச் சாற்றில், நூறு பங்கு சர்க்கரைக்கு உடைந்த சர்க்கரை பன்னிரண்டு பங்கு. நானும் பன்னிரண்டுதான் பார்த்தேன். முசே பெர்னே சீட்டில் ‘இன்வெர்சியோன்’ என்று எழுதினார். மூன்றாவது மறுப்பு.

மறுநாள் அங்கம்மா சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். முற்றத்து ஆள் யாரும் அந்தக் கதவுவரை வந்து நான் பார்த்ததில்லை. முசே பெர்னேயிடம் தீவின் கிரியோல் மொழியில் நிதானமாகச் சொன்னார்: திங்கட்கிழமை விடியுமுன் வெட்டியது, திங்கட்கிழமை ஏழு மணிக்கு முன்னால் வாசலில் நின்றது. முசே பெர்னே சீட்டைக் காட்டினார். அதில் வியாழன் என்று இருந்தது. அங்கம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்; ஆலையை மட்டும் கிரியோலில் ‘லிசின்’ என்பார்.

“அண்ணே, அந்தக் கொழாய்ல ஒத்தக் கண்ண வெச்சுப் பாக்குறீங்களே, அதுல திங்கக்கிழம தெரியாதா?”

“அது சர்க்கரையைத்தாம்மா காட்டும்.”

“அப்ப இன்னொரு கண்ண ஜன்னல் பக்கம் வைங்க. என் மாடு ரெண்டும் மூணு நாளா ஒங்க லிசின் வாசல்லதான் சாணி போட்டுச்சு. இன்னும் அள்ளல. கரும்பு என் கொல்லையில கெட்டா என்னக் கேளுங்க. ஒங்க வாசல்ல நின்னா அது ஒங்க விருந்தாளி.”

அங்கம்மா என்ன சொல்கிறார் என்று முசே பெர்னே கேட்டார். சாணியை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் சீட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, மூன்று நாள் வாசலில் நின்றால் நல்ல கரும்பு பன்னிரண்டுக்கு வருமா என்று எண்ணால் தெரிந்துகொள்ளலாம் என்றார். அவர் அங்கம்மாவுக்கு இரங்கியதாக நான் நினைக்கவில்லை. கேள்வி எண்ணாக மாறியது. எண்ணை அவரால் விட முடியாது.

என்னை அங்கம்மாவின் வண்டியிலேயே அனுப்பினார். அவர் நிலத்தில் என் கையால் பன்னிரண்டு கழி வெட்டி, கட்டி, கட்டில் ஈய முத்திரை வைத்தேன். ஆலை வாசல் சுவரோரம், வண்டிகள் நிற்கும் அதே வெயிலில் போட்டோம். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு மூன்று கழியை எடுப்பது, முத்திரையை மறுபடி வைப்பது. வெள்ளிக்கிழமை மூன்று பங்கு. சனிக்கிழமை நான்கு. ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டியிருக்கும். முசே பெர்னே பூசைக்குப் போன கறுப்புக் கோட்டோடு வந்து திறந்தார். ஏழு. திங்கட்கிழமை பதினொன்று. ஒவ்வொரு நாளும் தாள் கவிழ்த்துத்தான் இருந்தது.

பதினொன்றும் பன்னிரண்டும் அவருக்குப் போதுமான நெருக்கம். “மூன்று நாள் என்பது சரி,” என்றார். “ஆனால் அந்த மூன்று நாளும் இந்தக் கரும்பு வாசலில் நின்றதா, வெட்டி வீட்டில் கிடந்ததா? எண் அதைச் சொல்லாது.” மற்ற வண்டிக்காரர்கள் சாட்சி சொல்வார்கள் என்றேன். அவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் சொல்வார்கள் என்றார்.

அப்போதுதான் நான் குறிப்பேட்டைப் பற்றி வாயைத் திறந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு புதுச் சாறு வேண்டும். அதற்கு வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியிலிருந்து மூன்று கழி உருவிவருவேன். கூடத்தின் நாளேட்டில் அது ‘வாசல் வண்டி’ என்று மட்டும் விழும். சோதிப்பது கருவியை, கரும்பை அல்ல என்பதால் யார் வண்டி என்று எழுதுவதில்லை. 13ஆம் தேதி நாளேட்டில் அப்படி ஒரு வரி இருந்தது. உடைந்த சர்க்கரை மூன்று பங்கு. அது யார் வண்டி என்பது என் சொந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது என்றேன். ஆலை விஷயத்தைச் சொந்த ஏட்டில் எழுதுபவருக்கு அன்றோடு வேலை இல்லை. அந்த விதித்தாள் அவர் மேசைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

அவர் ஏட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து. என்னிடமே திருப்பித் தந்து, “படி,” என்றார். தேதி, மணி, இடம், வண்டி, மூன்று கழி என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தன் நாளேட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“எத்தனை மணி?”

“ஏழரை.”

“யார் வண்டி?”

“அங்கம்மா வண்டி, முசே.”

அவர் பட்டியலை எடுத்து, அடித்திருந்த பெயரைக் கீழே மறுபடி எழுதி, ‘மறுப்பு ரத்து’ என்று பக்கத்தில் குறித்தார். காரணம் என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டார். அங்கே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “காரணம் முற்றத்தில் இருக்கிறது,” என்றார். குறிப்பேட்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, பின்பும் பேசவில்லை. விதித்தாளை மட்டும் ஒரு வாரம் கழித்து வேறு சுவருக்கு மாற்றினார்.

அங்கம்மாவிடம் போய்ச் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

“அப்ப நான் திங்கக்கிழம வந்தேன்னு ஒங்க காயிதம் ஒத்துக்கிச்சா?”

“ஒங்க பேரத் திரும்ப எழுதிட்டாங்கம்மா. மிச்சக் கரும்பக் கொண்டாரலாம்.”

“அது நான் கேட்டது இல்ல, அண்ணே.”

மிச்சக் கரும்பு நவம்பருக்குள் முழுதும் ஆலைக்குள் வந்தது. நிலம் இன்றும் அவரிடம் இருக்கிறது.

காகிதம் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று நானும் விடவில்லை. வண்டி வந்த நாளையும் மணியையும் எழுத வாசலில் ஒரு கற்பலகை தொங்கவிடச் சொல்லி இரண்டு ஆண்டுகள் நச்சரித்தேன். 1928 பருவத்தில் தொங்கவிட்டார்கள். எடைமேடைக் குமாஸ்தா அதில் தான் சாப்பிடப் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவைத்தார். அடுத்த பருவத்தில் பலகையில் கீறல் விழுந்திருந்தது, அதற்கடுத்த பருவத்தில் இல்லை. நான் 1931இல் ஓய்வு பெற்றேன். வண்டிகள் இன்றும் அதே வாசலில் நிற்கின்றன, தேதி இன்றும் எடைமேடையில்தான் பிறக்கிறது. சங்கமோ சொல் தேடுகிறது.

ஆகவே செயலாளருக்கு நான் எழுதும் பதில் இது. ‘இன்வெர்சியோன்’ என்பதைத் தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள். அதன்கீழே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது: வாசலுக்கு வந்தவுடன் நாளையும் மணியையும் ஒரு தாளில் எழுதுங்கள், உங்கள் ஊர்க்காரர் அல்லாத ஒருவரிடம், ஆலைக் காவலாளியானாலும் சரி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள், அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே வாங்குங்கள். எடுத்துக்காட்டாக அங்கம்மாவின் விஷயத்தைச் சேர்க்கலாம். செயலாளர் ஆதாரம் கேட்பார் என்று தெரியும், அதனால் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

பக்கத்தை அவர் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்த வரி பென்சிலால் எழுதியது. “அங்கம்மா வண்டி” என்ற இரண்டு சொற்கள் மட்டும் மையில் இருக்கின்றன. 13ஆம் தேதி நான் எழுதியது “வாசல் வண்டி” என்றுதான். அந்தச் சொற்களை ரப்பரால் அழித்த தடம் வெளிச்சத்தில் தெரியும். முசே பெர்னே படிக்கச் சொன்ன திங்கட்கிழமை, ஏட்டில் இல்லாத பெயரை வாயால் படித்தேன். அன்று மாலை வீட்டில் அதை மையால் எழுதினேன். ஏழு நாள் கழித்து எழுதியதற்கு ஏழு நாள் முந்திய தேதி. எடைமேடைக் குமாஸ்தாவை நாற்பது ஆண்டு எதற்காகத் திட்டினேனோ, அதையேதான் நானும் செய்திருக்கிறேன். தேதியை அவர் பின்னால் தள்ளினார், நான் முன்னால் இழுத்தேன்.

பொய் சொல்வதாக அப்போது நினைக்கவில்லை. அன்று காலை வாசல் சுவரை ஒட்டி இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வண்டிக்காரர்கள் தேநீருக்குப் போயிருந்தார்கள். நான் கழியைப் பார்த்தேன், மாட்டைப் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று அங்கம்மாவுடையது என்று வெள்ளிக்கிழமை அவர் பேச்சைக் கேட்டபோது தோன்றியது. திங்கட்கிழமைக்குள் அது நிச்சயமாகிவிட்டது. முதலில் பார்த்தவர் எண் தெரிந்தால் அடுத்தவர் கண் அதையே பார்க்கும் என்று முசே பெர்னே சொல்வாரே, அப்படி.

வண்டி எந்த இடத்தில் நின்றது என்று அங்கம்மாவைக் கேட்டிருக்கலாம். லாங் மவுண்டன் இங்கிருந்து வெகுதூரமில்லை. கேட்கவில்லை. 1926 செப்டம்பர் 13 காலை ஏழரை மணிக்கு எடுத்த மூன்று கழிகளும் அவர் வண்டியைச் சேர்ந்தவை என்பது இன்றைய தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.